நல்லாயிட்டேன் என்று சொன்னவள்

என் நாத்தனாருக்கு வாய் நீளம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நீளமெல்லாம் இல்லை. மனசில் இருப்பது வழியில் எங்கும் நிற்காமல் நேராக வாய்க்கு வந்துவிடும், அவ்வளவுதான். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். மாமியார் "நல்லா இருக்கும்மா" என்றார். மாமனார் தலையை ஆட்டினார். என்னைக் கட்டிக்கொண்டவர் ஒரு படி மேலே போய் இன்னொரு கப் கேட்டார். இவள் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கப்பைக் கீழே வைத்து, "அண்ணி, இது வெந்நீர். டீத்தூளை எட்ட நின்னு காட்டினீங்களா?" என்றாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. இவளோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறோமோ என்று அன்றைக்கு நினைத்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, அந்த வீட்டில் நான் நம்பிக் கேட்கக்கூடிய வாய் அது ஒன்றுதான் என்று.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். கடையின் பின்பக்கம் ஜன்னலே இல்லாத ஒரு நீள அறை. ஒரு முனையில் விளக்கு எரியும் எழுத்துப் பலகை, மறுமுனையில் ஏற்றி இறக்கும் நாற்காலி, பக்கத்தில் ஒரு மரப்பெட்டி நிறைய வட்ட வட்டமாக லென்ஸ். வந்தவர் மூக்கில் கனமான ஃபிரேம் ஒன்றை மாட்டிவிட்டு, அதில் ஒரு லென்ஸைப் போடுவாள், எடுப்பாள், வேறொன்றைப் போடுவாள். "ஒண்ணா, ரெண்டா? எது தெளிவா இருக்கு?" நாள் பூராவும் இதே கேள்விதான். தெருவில் அவளுக்குப் பேரே 'ஒண்ணா ரெண்டா' என்று ஆகிவிட்டது. என் மகளுக்கு அவள் ஒண்ணா ரெண்டா அத்தை.

கண் பரிசோதனையில் மனிதர்கள் எவ்வளவு பொய் சொல்வார்கள் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிலர் பலகையை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வருவார்களாம். சிலருக்கு எதைப் போட்டாலும் தெளிவாக இருக்குமாம், கேட்கிறவள் மனசு கோணக் கூடாதே என்று. இவளுக்கு அது ஆகவே ஆகாது. "என்னைச் சந்தோஷப்படுத்த வந்தீங்களா, கண்ணாடி வாங்க வந்தீங்களா? நீங்க பொய் சொன்னா நானும் பொய்க் கண்ணாடிதான் குடுப்பேன். தலைவலி உங்களுக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து ஓடிவருவார். ஆனால் அவள் எழுதிக் கொடுத்த கண்ணாடி தவறியதில்லை என்பதால் வாயை மூடிக்கொள்வார்.

அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. ஒரு வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "அவருக்கு எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்ற ஆள் வேணுமாம்" என்றாள். மாமனார் மாமியார் போன பிறகு பின்கட்டு அறை அவளுக்கென்று ஆனது. நான் வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். சாயங்காலம் அவள் வேலை விட்டு வந்ததும் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, அன்றைக்கு யார் யார் என்ன பொய் சொன்னார்கள் என்று சொல்லுவாள். நான் சிரித்துச் சிரித்து ஊசியை உடைத்த நாட்கள் உண்டு. வேறு எந்த வீட்டில் நாத்தனாரும் அண்ணியும் இப்படி இருந்தார்கள் என்று காட்டுங்கள், பார்க்கலாம்.

அவளுக்கு நோய் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. ஒரு நாள் மத்தியானம் கடை முதலாளி அவளைத் தன் வண்டியிலேயே கொண்டுவந்து விட்டுப் போனார். ஒரு பெண்மணிக்கு ஃபிரேமை மாட்டி, லென்ஸைக் கையில் எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாளாம். "கேக்க வரல அண்ணி. ஒண்ணா இருந்தா என்ன, ரெண்டா இருந்தா என்னன்னு தோணிடுச்சு" என்றாள். போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அப்புறம் அந்தச் சுவரோடுதான் குடித்தனம். குளிக்க வேண்டும் என்றால் நான் இழுக்க வேண்டும், சாப்பிட வேண்டும் என்றால் நான் ஊட்டாத குறை. என் கணவர் பஸ் டிப்போவில் எலக்ட்ரீசியன். அவருக்கு எந்தக் கோளாறும் எங்கேயோ ஒரு ஒயர் லூசாக இருப்பதால் வருவதுதான். "ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு, தங்கை முகத்தைப் பார்க்கத் திராணி இல்லாமல் வேலைக்குப் போய்விடுவார்.

மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். முதல் மாத்திரையில் நாளெல்லாம் தூங்கினாள். இரண்டாவதில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. மூன்றாவது முறை போனபோது மருத்துவர் குரலைத் தணித்துக்கொண்டு, "புதுசா ஒரு மருந்து வருது. அதுக்கு ஆராய்ச்சி நடத்தறோம். வாரா வாரம் வரணும். செலவு எதுவும் கிடையாது, பஸ் செலவு கூட அவங்களே குடுத்துடுவாங்க" என்றார். அவங்க என்றால் யார் என்று கேட்டேன். கம்பெனி என்றார். முழுகுகிறவளுக்குக் கயிறு யார் கொடுத்தால் என்ன என்று சரி சொன்னோம். ஒரு கட்டுக் காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். சில சமயம் மருந்தில்லாத மாத்திரையும் கொடுக்கப்படலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. எப்போது என்று இல்லை.

ஆராய்ச்சிக்கென்று ஆஸ்பத்திரியின் மாடியில் தனி இடம். கீழே வரிசையில் நின்று நசுங்கும் கூட்டத்துக்கு அப்படி ஒரு மாடி இருப்பதே தெரியாது. சுத்தமான தரை, மெத்தை வைத்த நாற்காலிகள், சத்தமே போடாத மின்விசிறி. சுவர்க் கடிகாரம், பேனா, நாட்காட்டி, அழுதால் முகம் துடைக்கிற காகிதப் பெட்டி, எல்லாவற்றிலும் கம்பெனியின் சின்னம்: மஞ்சள் நிறத்தில் ஒரு பாதிச் சூரியன். அது உதிக்கிறதா மறைகிறதா என்று எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

அங்கே கேள்வி கேட்பதற்கென்றே ஒரு இளம்பெண் இருந்தாள். தூக்கம் எப்படி, பசி எப்படி, அழுகை வருகிறதா, வாழ வேண்டும் என்று தோன்றுகிறதா என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மார்க் போடுவாள். மார்க் ஏற ஏற நோய் அதிகம் என்று அர்த்தம். நாங்கள் அவளுக்கு மார்க் பொண்ணு என்று பேர் வைத்தோம். பொறுமையான பெண், நல்ல குரல். முதல் நாள் கூட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். "சேத்துக்கறதுக்கு மார்க் கொஞ்சம் குறையுது. தினமும் அழுகை வருதுன்னு போட்டுக்கட்டுமா?" என்றாள். என் நாத்தனார் அந்த நிலைமையிலும், "தினமும் வரல. வாரத்துல ரெண்டு நாள்" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். எப்படியோ மார்க் எட்டியது. உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், யார் வந்து இல்லை என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே ஒரு காலையில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தானாக எழுந்து தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மெஷின் பக்கம் வந்து உட்கார்ந்தாள். புதன்கிழமை மாடிக்குப் போக வேண்டும் என்று செவ்வாய்க்கிழமையே புடவை எடுத்து வைத்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பெயர்ப் பலகைகளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்துப் பார்த்தாள். மார்க் பெண்ணிடம் ஒரு மணி நேரம் பேசினாள். அத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாததையெல்லாம் அங்கே சொன்னாள் என்று வரும் வழியில் தெரிந்தது. "அவ குறுக்க பேசறதே இல்ல அண்ணி. கேள்வியைக் கேட்டுட்டு, பதிலை இருந்து முழுசா கேக்கறா" என்றாள். பிறகு ஒரு நாள் காலையில் டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்கும் டீத்தூளைக் காட்டிட்டுத்தான் எடுத்தீங்களா?" என்றாள். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய் அழுதேன்.

அடுத்த புதன்கிழமை மாடியில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பேக்கரியில் வேலை பார்க்கிறவர், முழங்கை வரை அடுப்புச் சூட்டுத் தழும்பு. இது தனக்கு மூன்றாவது ஆராய்ச்சி என்று என்னவோ மூன்றாவது டிகிரி போலச் சொன்னார். என் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தார், அவள் சிரிப்பதைப் பார்த்தார், என் பக்கம் சாய்ந்தார்.

"அக்கா, முதல் கொஞ்ச நாள் நல்லா இருக்குன்னு சொல்லிடக் கூடாது. சொன்னா வெளிய அனுப்பிடுவாங்க."

"நல்லாகறதுக்குத்தானே வர்றோம்?"

"ஆகலாம். ஆனா இப்ப இல்ல. முதல்ல மோசம்னு சொல்லணும், அப்புறம் கொஞ்சம் பரவாயில்லன்னு சொல்லணும், கடைசில நல்லாயிடணும். அதான் முறை. எல்லாருக்கும் சந்தோஷம்."

கையோடு கொண்டுபோய்த் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு நாத்தனாரிடம் அதை அப்படியே சொன்னேன். நல்லாயிருப்பதை லேசாகக் குறைத்துச் சொல்லு, ஒன்றும் முழுகிவிடாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் அண்ணி, இத்தனை வருஷமா நான் கடைல கத்தினது உங்க காதுல விழவே இல்லையா? நான் பொய் சொன்னா அவங்க எதை வெச்சு அளப்பாங்க? நாளைக்கு இந்த மாத்திரையை எத்தனை பேர் சாப்பிடுவாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

தூக்கம் நல்லா வருது என்று சொன்னாள். பசிக்குது என்று சொன்னாள். வாழணும்னு தோணுதா என்ற கேள்விக்கு, "இந்த வாரம் தோணுது" என்று சொன்னாளாம். மார்க் பெண் முகம் வாடிப்போய் வெளியே வந்தாள். நோயாளி நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி ஒரு முகம் வாடுவதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாளே கூப்பிட்டு அனுப்பினார்கள். மருத்துவர் எங்களை உட்காரவைத்து, "வாழ்த்துக்கள், உங்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்படல" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். முதல் கட்டத்தில் எல்லோருக்கும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரைதான் கொடுப்பார்களாம். யாருக்கும் சொல்ல மாட்டார்களாம். அதிலேயே நன்றாகிவிடுகிறவர்களை விலக்கிவிட்டு, மிச்சம் இருப்பவர்களை வைத்துத்தான் உண்மையான ஆராய்ச்சி தொடங்குமாம். அப்போதுதான் மருந்தின் வித்தியாசம் தெரியுமாம்.

"அதாவது மருந்து இல்லாமலே நல்லாகறவங்கள எல்லாம் வாசல் வழியா அனுப்பிட்டு, அப்புறம் மருந்து எவ்வளவு நல்லா வேலை செய்யுது பாருங்கன்னு சொல்லுவீங்க. அப்படித்தானே?" என்றேன்.

"அவ்வளவு எளிமையா சொல்லிட முடியாதும்மா. இது எல்லாரும் ஒத்துக்கிட்ட முறை."

எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்க வாயெடுத்தேன். என் நாத்தனார் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் குரலில் கோபம் இல்லை. கடையில் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"சார், நான் எழுந்து உக்காந்தது நிஜம். மாத்திரைல ஒண்ணும் இல்லன்னா, எது என்னை எழுப்புச்சு? மார்க் போடற பொண்ணு கேட்டதா, அண்ணிகூட பஸ்ல வந்ததா, புதன்கிழமை போகணும்னு இருந்ததா? எதுன்னு பாத்து அதையே குடுங்க."

மருத்துவர் பாதிச் சூரியன் போட்ட பேனாவை மூடித் திறந்தார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணைப் பார்க்க முடியாமல்தான், "அதை யாரும் ஆராயலம்மா" என்றார்.

"அப்ப வாரம் ஒரு தடவை வந்து பேசிட்டு மட்டும் போகவா? மாத்திரை வேண்டாம்."

மாடியில் அந்த நாற்காலி ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்றார். வேண்டுமென்றால் கீழே பொதுப் பிரிவில் சீட்டு எழுதித் தருகிறேன் என்றார். படியிறங்கும்போது மார்க் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். "நானே கொஞ்சம் கூட்டிப் போட்டிருப்பேங்க. நீங்க அவ்வளவு தெளிவா சொல்லிட்டீங்க" என்று அழுதாள். அவளைத் தேற்றியதும் என் நாத்தனார்தான்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கூடத் தாங்கவில்லை. "நான் நல்லானதே இல்லன்னு ஆயிடுச்சு அண்ணி" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். பழையபடி சுவர். முதல் தடவை விழுந்ததை விட இது மோசம். அப்போது ஏதோ ஒரு மருந்து எங்கேயோ இருக்கும் என்றாவது இருந்தது. இப்போது, தன்னை எழுப்பியது என்னவென்று தெரியாமல் அதை எங்கே போய்த் தேடுவது? நான் விடவில்லை. புதன்கிழமைதோறும் அவளை இழுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன். அதே நிறுத்தத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு எதிர்ப் பக்கம் இருந்த பூங்காவில் உட்காரவைத்து, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று நானே கேட்டேன். எனக்கு அந்த வேலை வரவில்லை. இரண்டாவது கேள்வியிலேயே நான் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவேன். மூன்றாவதில் எனக்குக் கோபம் வந்துவிடும். நான்காவது வாரம் அவள் வரமாட்டேன் என்றாள்.

பொதுப் பிரிவில் மருத்துவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிடுவார்கள். அங்கே கொடுத்த மாத்திரைகள் அவளை விழவும் விடவில்லை, எழவும் விடவில்லை. இப்படியே காலம் ஓடியது. ஒரு நாள் கல்லூரிக்குப் போகும் என் மகள் கணினியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். அந்தப் புது மருந்து கடைக்கு வந்துவிட்டதாம், ஆராய்ச்சி முடிவும் வெளிவந்திருக்கிறதாம். மருந்து சாப்பிட்டவர்கள் நிறையப் பேர் தேறினார்கள், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் அவ்வளவாகத் தேறவில்லை என்று போட்டிருந்ததாம்.

"அத்தை இதுல இல்லம்மா. முதல் கட்டம் முடிஞ்சதுக்கு அப்புறம் இருந்தவங்களைத்தான் எண்ணியிருக்காங்க. அதுக்கு முன்னாடி எத்தனை பேர் நல்லாகி வெளிய போனாங்கன்னு ஒரு வார்த்தை கூட இல்ல."

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினோம். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "தேறினவங்கள்ல இல்லையா?" என்றாள். இல்லை என்றாள் மகள். "தேறாதவங்கள்ல?" அதிலும் இல்லை. "அப்ப என்னை எங்கதான் போட்டிருக்காங்க?" என்றாள். என் மகள் கணினியை மூடி வைத்தாள். 

கொஞ்ச நாள் கழித்து ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு சுவரொட்டி பார்த்தோம். மனம் திறந்து பேசுவோம், பொதுமக்கள் கேள்வி கேட்கலாம், அனைவரும் வருக. ஆராய்ச்சி நடத்திய நம் மருத்துவர்தான் சிறப்புரை. மூலையில் பாதிச் சூரியன். அந்த நாள் வந்ததும் அவள் தானாக எழுந்து குளித்து, புடவையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். பைத்தியக்காரி மாதிரி நான் சந்தோஷப்பட்டேன். என் கணவரும் லீவு போட்டுவிட்டு வந்தார். எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதுதானே, இதில் என்ன தப்பு என்று அவரே சொன்னார்.

பெரிய குளிரூட்டிய மண்டபம். மருத்துவர் நன்றாகப் பேசினார். நோயை மறைக்கக் கூடாது, வெட்கப்படக் கூடாது, உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார். புது மருந்தால் குணமான ஒருவர் இப்போது பேசுவார் என்றதும் மேடைக்கு வந்தது யார் என்கிறீர்கள்? பேக்கரிக்காரர். ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டே, "இந்த மருந்து எனக்கு மறுவாழ்வு குடுத்துச்சு" என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டு இறங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கேள்வி நேரம் வந்ததும் என் நாத்தனார் எழுந்தாள். மைக்கை வாங்கினாள். 

"நான் உங்க ஆராய்ச்சில இருந்தேன் சார். மருந்து இல்லாத மாத்திரைல நல்லாயிட்டேன்னு சொன்னேன். என்னை அனுப்பிட்டீங்க. என்னை மாதிரி எத்தனை பேரை அனுப்பினீங்க? அவங்கள ஏன் எண்ணல?"

மருத்துவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு நொடி அவர் முகத்தில் ஏதோ வந்து போனது. பிறகு மிகவும் அன்பாகச் சிரித்தார். "அம்மா, நீங்க தைரியமா எழுந்து பேசினதுக்கே பாராட்டணும். தனிப்பட்ட சிகிச்சை விஷயத்தைப் பொது மேடைல பேசறது சரியில்ல. வெளிய நம்ம ஆலோசகர் இருக்காங்க, அவங்ககிட்ட மனசு விட்டுப் பேசுங்க." கூட்டம் கை தட்டியது. அவளுக்காக, அவள் தைரியத்துக்காக. மார்பில் அட்டை குத்திய ஒரு பெண் வந்து அவள் தோளைத் தடவி, "வாங்கம்மா, வெளிய காத்தாட உக்காரலாம்" என்றாள். எங்கள் பின்னால் யாரோ, "பாவம், இன்னும் சரியாகல போலிருக்கு" என்றார்கள்.

நான் எழுந்து, "அவ கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு அனுப்புங்க" என்றேன். அதற்குள் மைக்கை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டார்கள். என் கணவர் என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் கண்ணில் தண்ணீர். அவளைத் திட்டியிருந்தால் கூட எனக்கு ஆறியிருக்கும். பொய்யென்று சொல்லியிருந்தால் நாங்கள் சண்டை போட்டிருப்போம். ஒரு நல்ல கேள்வியை நோயின் அடையாளமாக மாற்றித் தடவிக் கொடுத்து அனுப்பிவிட்டார்களே, அதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

வெளியே படிக்கட்டில் அவள் கையில் ஒரு தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். பேக்கரிக்காரர் தயங்கித் தயங்கி வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னது சரிதாங்க. நான் அந்த மாத்திரையைப் பாதி நாள் முழுங்கவே இல்ல. நாக்கு வறண்டுச்சு. ஆனா வாரத்துக்கு ஒரு நாள் ஃபேனுக்குக் கீழ உக்காரவெச்சு, எப்படிப்பா இருக்கன்னு ஒருத்தர் கேக்கறாங்க. எனக்கு வேற யார் இருக்கா கேக்கறதுக்கு? அதுக்காகத்தான் போனேன். நல்லாயிட்டேனான்னு எனக்கே தெரியல."

"உங்கள எண்ணியிருக்காங்க" என்றாள் என் நாத்தனார்.

"ஆமாங்க" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

அடுத்த முறை பொதுப் பிரிவுக்குப் போனபோது அவளுக்கு அந்தப் புது மருந்தையே எழுதிக் கொடுத்தார்கள். எங்களுக்கும் வேறு போக்கில்லை, வாங்கிக்கொண்டோம். அதைச் சாப்பிட்டுத் தேறியவர்களும் இருக்கலாம், அவர்கள் நன்றாக இருக்கட்டும். இவளிடம் நான் எந்த மாற்றத்தையும் பார்க்கவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை, சாப்பாடு பாதிக்குப் பாதி தட்டிலேயே கிடந்தது. ஆனால் மறுபடி போனபோது பொதுப் பிரிவு மருத்துவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு சார்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மருத்துவர் மலர்ந்து, "பாத்தீங்களா" என்று என்னிடம் சொல்லி எதையோ எழுதிக்கொண்டார். பஸ்ஸில் ஏறி உட்காரும் வரை பொறுத்துக்கொண்டிருந்து, ஏண்டி அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பலகையையும் படிக்கவில்லை.

"அவருக்கு ரெண்டு வேணும் அண்ணி. ரெண்டுன்னு சொல்லிட்டேன்."

இப்போது அவள் மறுபடி வேலைக்குப் போகிறாள். அதே ஜன்னலில்லாத அறை, அதே ஃபிரேம், அதே கேள்வி. ஆனால் வந்தவர் என்ன சொன்னாலும் அதையே எழுதிக் கொடுத்துவிடுகிறாள், யாரையும் அதட்டுவதில்லை. முன்பைவிட எவ்வளவு தன்மையாகப் பேசுகிறாள் என்று முதலாளிக்கு ஆனந்தம். பக்கத்து வீட்டுக்காரியும் அதையே சொல்கிறாள், உங்க நாத்தனார் ரொம்ப மாறிட்டாங்க, சிரிச்ச முகமா இருக்காங்க என்று. சொந்தக்காரர்களுக்கு இப்போது அவள் வாய் நீளமாகத் தெரியவில்லை. தங்கச்சி தேறிட்டா என்று என் கணவர் நிம்மதியாகத் தூங்குகிறார். நான்தான் விழித்துக்கொண்டு கிடக்கிறேன். மாத்திரை அட்டையை என் பீரோவில் பூட்டி வைத்து நாளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுக்கிறேன். கொடுக்கும்போதெல்லாம் எப்படி இருக்கே என்று கேட்கிறேன். நல்லா இருக்கேன் அண்ணி என்கிறாள். நிஜமாகவே நன்றாக இருக்கிறாளா, நாளைக்கு எங்களை விட்டுப் போய்விடப் போகிறாளா, எதைக் கேட்டாலும் இந்த ஒரே பதில்தான் என்றால் நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்?

போன வாரம் ஒரு நாள் காலையில் அவள் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். கை தவறி இல்லை, அறிந்தே ஒரு கரண்டி நிறையப் போட்டுக் கலக்கினேன். எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய் குடித்தாள். திட்டு, என்னை ஒரே ஒரு தடவை திட்டு என்று மனசுக்குள் கெஞ்சினேன். இன்னொரு வாய் குடித்தாள். நிதானமாக முழுவதையும் குடித்து முடித்து, கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.